வதனியின் தட்டில் மிஞ்சியது

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபங்கள். எங்கள் தொழிலில் நிபுணர் அல்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. இருதய சத்திரசிகிச்சை செய்பவரிடம் போய், "எங்கள் மாமி வேறு மாதிரி வெட்டுவா" என்று யாரும் சொல்வதில்லை. உணவு ஆலோசகரிடம் தாராளமாகச் சொல்வார்கள். எல்லோரும் நாள்தோறும் சாப்பிடுகிறார்கள், ஆகவே எல்லோருக்கும் எல்லாம் தெரியும். வருடக்கணக்காகப் படித்துப் பெற்ற சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறுவர் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, மொழி படித்து, இங்கேயே தொழிற்பயிற்சியும் முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த மருத்துவமனைக்குள் நுழைந்தேன். என் திறமையைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். தமிழ் தெரிந்த ஒருத்தி இருந்தால் மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு விளங்கியது.

எனக்குப் பிரியாவிடை தந்து கேக் வெட்டிய அன்று உங்களில் ஒருத்தி கேட்டாள், பாலூட்டும் தாயின் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்றால் எதை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று. நல்ல கேள்வி. நான் கேக்கில் கவனமாக இருந்ததால் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிலுக்குப் போவதற்கு வதனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வதனி அப்போது சின்னப் பெட்டைதான். கணவன் குகனோடு அகதிகள் விடுதியில் ஒரு அறையில் இருந்தாள். ஹைம் என்று எல்லோரும் சொல்வோமே, அதுதான். முதல் பிள்ளை, பெண். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது, நிறை ஏறியது, குரலும் ஊரைக் கூட்டும் அளவுக்கு இருந்தது. ஆனால் மலத்தில் இரத்தக் கீற்று. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்த சொறி. தாய்ப்பால் தவிர வேறு எதுவும் அதற்குக் கொடுக்கவில்லை.

எங்கள் பெரிய டொக்டர் பிள்ளையைப் பார்த்தார். தாய் குடிக்கும் பசுப்பாலின் புரதம் தாய்ப்பாலோடு பிள்ளைக்குப் போகிறது, பிள்ளையின் குடல் அதை ஏற்கவில்லை, எனவே தாய் பாலையும் பாலில் செய்ததையும் நிறுத்த வேண்டும் என்றார். மிகச் சரியான ஊகம். அதோடு அவர் நின்றிருந்தால் நானும் இங்கேயே நிறுத்திக்கொண்டு உங்களை வேலைக்குப் போக விட்டிருப்பேன். ஆனால் அவர் கவனமான மனிதர். கவனமான மனிதர்களால்தான் எங்களுக்கு வேலை கூடுகிறது. பாதுகாப்புக்காக முட்டையையும் நிறுத்தச் சொன்னார். பாதுகாப்புக்காக சோயாவையும் கொட்டை வகைகளையும் நிறுத்தச் சொன்னார். கதவருகே போன பிறகு திரும்பி வந்து, பாதுகாப்புக்காக மீனையும் கோதுமையையும் சேர்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் பாதுகாப்புக்காகத் தண்ணீரையும் நிறுத்தியிருப்பார்.

"இவற்றுக்குப் பதிலாக இவர் எதைச் சாப்பிடுவது?" என்று நான் கேட்டேன்.

"அது உங்கள் துறை," என்றார். எடுப்பது மருத்துவம், கொடுப்பது சமையல் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. உங்களுடைய டொக்டர்மாரிடமும் அந்தத் தெளிவைக் காண்பீர்கள்.

சரி, என் துறைதானே என்று நான் உட்கார்ந்து அழகாக ஒரு உணவுத் திட்டம் தயாரிக்கத் தொடங்கினேன். கோதுமைக்குப் பதில் தினை, சோளம். பாலுக்குப் பதில் அரிசிப்பால். எல்லாம் இயற்கை உணவுக் கடையில் கிடைக்கும். கடைக்குப் போய் வாங்கக்கூடியவர்களுக்குக் கிடைக்கும். வதனி போன்றவர்களுக்கு அந்த நாட்களில் சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை, பெட்டியில் உணவுப் பொருட்கள் வரும். பெட்டிக்குள் என்ன இருந்தது தெரியுமா? நாட்படாமல் இருக்கும் பால், சீஸ், முட்டை, நூடில்ஸ், பாண், மீன் டின், சொசேஜ், மாஜரின், கொஞ்சம் அரிசி, கரட், உருளைக்கிழங்கு, இரண்டு மூன்று அப்பிள். டொக்டர் நிறுத்தச் சொன்னவற்றை எல்லாம் அரசாங்கம் ஒன்று விடாமல் திரட்டிக் கட்டி, வாரந்தோறும் வாசலில் கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு தரப்பும் கலந்து பேசி ஏற்பாடு செய்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

பெட்டியை மாற்றலாமா என்று ஹைம் பொறுப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்ட்ராக் போட வேண்டும் என்றார். விண்ணப்பத்துக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். அது சொல்ல முடியாது என்றார். பிறகு உதவும் மனத்தோடு, "பால் ஒத்துவராவிட்டால் அவர் அதைக் குடிக்காமல் விடலாம்தானே?" என்றும் சொன்னார். அன்ட்ராக் போட்டேன். அதன் பதில் வருவதற்குள் அந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போயிருக்கும்.

இதற்குள் எங்கள் சமூகமும் சும்மா இருக்கவில்லை. செல்வராணி அக்கா என்று ஒருவர் இருந்தார். நகரத்தில் எந்தத் தமிழ் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அழைக்காமலே வந்து நிற்பார், உதவியும் செய்வார், அதைவிடக் கூடுதலாக உத்தரவும் போடுவார். உடம்பில் சொறியும் சிவப்பும் கிளப்பும் சாப்பாட்டை எங்கள் ஆட்கள் கிரந்தி என்பார்கள். பிள்ளையின் கன்னத்தைப் பார்த்ததுமே அக்கா தீர்ப்பு எழுதிவிட்டார்.

"இது கிரந்தி, பிள்ளை. டொக்டர்மாருக்கு இது விளங்காது. கத்தரிக்காய் தொடப்படாது. தக்காளி தொடப்படாது. இறைச்சி, இறால், நண்டு மூச்சும் விடப்படாது."

பிறகு வாயு என்று பருப்பும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோவாவும் போயின. குளிர் என்று தோடம்பழமும் அப்பிளும் வெள்ளரிக்காயும் போயின. டொக்டர் ஜேர்மன் மொழியில் விட்டுவைத்திருந்ததை அக்கா தமிழில் முடித்துவைத்தார்.

வதனிக்கு இருந்த ஒரே குறை, அவள் நல்ல பிள்ளை. யார் எதைச் சொன்னாலும் கேட்பாள். கொஞ்சம் வாய்க்காரியாக இருந்திருந்தால் இருவரில் ஒருவரையாவது உதறித் தள்ளியிருப்பாள். டொக்டர் சொன்னதையும் கேட்டாள், அக்கா சொன்னதையும் கேட்டாள். இருவரின் தடைகளையும் சேர்த்தால் அவள் தட்டில் மிஞ்சியது சோறு, உப்பு, கரட். குடிக்க வெந்நீர்.

அடுத்த முறை அவள் மருத்துவமனைக்கு வந்தபோது சட்டை தோளிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினாள். பிள்ளையோ அதே கொழுகொழுப்பு, அதே சொறி, அதே இரத்தக் கீற்று. தாய் உருகி ஊட்டிக்கொண்டிருந்தாள், அது உறிஞ்சிக்கொண்டிருந்தது.

டொக்டர் தாள்களைப் புரட்டினார். உணவுக் கட்டுப்பாடு பலன் தரவில்லை, எனவே பாலூட்டுவதை நிறுத்திவிடலாம் என்றார். இதற்கென்றே விசேட பால்மா இருக்கிறது, தாய்க்குப் பால் வற்றுவதற்கு மாத்திரையும் இருக்கிறது. அவர் கெட்டவர் அல்ல. அவர் கணக்கில் அது ஒரு பிரச்சினைக்கு ஒரு தீர்வு. நான் தமிழில் சொன்னேன். வதனி என்னைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, நாங்கள் இருக்கிற அறை அவையின்ரை. படுக்கிற கட்டில் அவையின்ரை. பெட்டியிலை வாறதும் அவையள் பாத்துத் தாறதுதான். என்ரை பிள்ளைக்கு ஆரிட்டையும் கேக்காமல் நான் குடுக்கிறது இது ஒண்டுதான். இதையும் பறிச்சுப்போட்டினம் எண்டால் நான் என்னத்துக்கு?"

இதை நான் ஜேர்மன் மொழியில் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கும்போது குரலில் உணர்ச்சி காட்டக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். என்னால் முடியவில்லை. கடைசி வசனத்தில் குரல் உடைந்துவிட்டது. டொக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே நின்ற கார்களைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், அதற்குள் மாற்றம் இல்லையென்றால் மாத்திரைதான் என்றார்.

வதனி கேட்ட அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தியும் இரத்தம் ஏன் நிற்கவில்லை என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்றில் டொக்டரின் ஊகம் பிழை, இல்லாவிட்டால் எங்கோ பால் போய்க்கொண்டிருக்கிறது. நேரே போய்ப் பார்த்துவிடுவோம் என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன். உணவு ஆலோசகர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போவதில்லை, வழியில் விழுந்தால் காப்புறுதி கிடையாது என்றார். விழாமல் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் புறப்பட்டேன்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? மருத்துவமனைக்காரியாகப் போனாலும் யாழ்ப்பாணத்தாள்தானே. வழியில் இருந்த தமிழ்க் கடையில் நுழைந்தேன். கடைக்கார அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கை தங்கச்சி, ஹைமுக்கோ? வதனியிட்டையோ?"

"ஓம் அண்ணை."

அவ்வளவுதான். நான் வேறு எதையும் கேட்கவில்லை. அவர் கை பின்னால் இருந்த தட்டுக்குப் போய், ஒரு மோல்ட் டின்னை எடுத்து மேசையில் வைத்தது. வெந்நீரில் கரைத்துக் குடிக்கிற அந்தப் பழுப்புத் தூள். ஊரில் ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனாலும், பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனாலும் கையில் அதுதான் இருக்கும். கடல் தாண்டி வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை.

"இதையோ குடுக்கச் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"வேறை என்ன? எல்லாரும் இதைத்தான் வேண்டிக்கொண்டு போறவை. போன மாதம் ரெண்டு பெட்டி இறக்கினனான், முடியப்போகுது."

டின்னைத் திருப்பிப் பார்த்தேன். வாற்கோதுமை, கோதுமை, அதற்கு அடுத்ததாகப் பால்மா. நான் கடை நடுவில் நின்று சிரித்ததை அண்ணை இன்றுவரை மறந்திருக்க மாட்டார். ஒரு நகரத்துத் தமிழர் முழுப்பேரும் ஆள்மாறி ஆள் வரிசையில் நின்று, அந்தப் பிள்ளைக்கு ஆகாத ஒன்றைப் பாசத்தோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அந்த டின்னை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தேங்காய்ப்பால் டின்னும் மிளகாய்த்தூளும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு போனேன்.

வதனியின் அறையில் அலமாரிக்கு மேலே மோல்ட் டின்கள் கோபுரம்போல் அடுக்கியிருந்தன. எப்போதெல்லாம் குடிக்கிறாய் என்று கேட்டேன்.

"காலமை, மத்தியானம், பின்னேரம். பால் ஒரு சொட்டும் விடுறேல்லை அக்கா, சத்தியமாய். சுடுதண்ணியிலைதான் கரைக்கிறனான்." எனக்குக் கோபம் வந்துவிடுமோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது. "டொக்டரும் இதை வேண்டாம் எண்டு சொல்லேல்லை. செல்வராணி அக்காவும் சொல்லேல்லை. இது ஒண்டுதான் ரெண்டு பேரும் விட்டது. இதைக் குடிச்சால்தான் கொஞ்சம் நிக்க ஏலுது."

தூளுக்குள்ளேயே பால் இருக்கிறது என்று சொன்னேன். குகன் ஒரு டின்னை எடுத்து, எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு மெல்ல மேசையில் வைத்தான். வதனி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அப்ப இதையும் விடட்டோ?"

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், பிள்ளைகளே. எங்கள் புத்தகப்படி அதற்குச் சரியான பதில், ஓம். பால் எங்கே என்று கண்டுபிடித்தாயிற்று, நிறுத்தச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம், கெட்டிக்காரி என்ற பெயரும் கிடைக்கும். ஆனால் நான் அந்த ஓமைச் சொன்னால் அவளிடம் வருகிற போகிற எல்லோரும் செய்ததையே நானும் செய்தவளாவேன். வெறும் சோற்றிலும் கரட்டிலும் நிற்கிறவளிடம் கடைசியாக மிஞ்சியிருந்ததையும் பறித்திருப்பேன்.

"அதைப் பிறகு பாப்பம்," என்றேன். "முதல்லை வாரும், சமைப்பம்."

பொதுச் சமையலறையில் அடுப்புக்கு வரிசை. அறைக்குள் கட்டிலுக்குக் கீழே பெரும்பாலும் தொடாமல் கிடந்த பெட்டியைத் திறந்தோம். மீன் டின்னைத் தேங்காய்ப்பாலில் குழம்பாக்கினேன். நாலு முட்டை அவித்தேன். வதனி முட்டையைப் பார்த்துத் தயங்கினாள்.

"டொக்டர் முட்டை வேண்டாம் எண்டவர்."

"டொக்டரோடை நான் கதைக்கிறன். நீர் சாப்பிடும்."

இதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு இன்னும் மோசமானால் பழி முழுவதும் என் தலையில்தான் விழும், வேலையும் போகலாம் என்று தெரியும். ஆனால் நான் யோசித்தது இதுதான்: மோல்ட் வழியாகப் பால் ஒரு நாளும் நிற்கவில்லை. பால் நிற்காதவரை முட்டையையும் மீனையும் நிறுத்தியது எதையும் நிரூபிக்கவில்லை. தாயைப் பட்டினி போட்டதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. வதனி முதல் கவளத்தை மெதுவாகத்தான் வாயில் வைத்தாள். பிறகு நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டாள். குகன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். அவன் அழுதான் என்று நான் சொல்லப்போவதில்லை, அவனுக்கு அது பிடிக்காது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. செல்வராணி அக்கா. கையில் வழக்கம்போல் மோல்ட் டின்.

அவர் தட்டைப் பார்த்தார். மீன். முட்டை. பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு. ஒரு பெரிய குற்றத்தைக் கையும் களவுமாகப் பிடித்தவரின் முகம். நான் விஷயத்தைச் சொன்னேன், இயன்றவரை மெதுவாகத்தான் சொன்னேன்.

"அப்ப நான் நஞ்சு கொண்டுவந்து குடுத்தனான் எண்டோ சொல்லுறீர்?"

அக்காவை எதிர்த்து வாதாடி வெல்ல என்னால் முடிந்திருக்கும். கிரந்திக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று பத்து நிமிடம் பேசியிருக்கலாம். நான் வெளியே போனதும் வதனியின் தட்டை அவர் எடுத்து வைத்திருப்பார். தவிர, அவர் சொன்னது அநியாயமான கேள்வியும் அல்ல. அவர் கொண்டுவந்து கொடுத்ததால்தான் வதனி அவ்வளவு நாளும் விழாமல் நின்றாள். அதையே சொன்னேன்.

"நீங்கள் குடுத்ததாலைதான் அக்கா இவ இண்டைக்கு எழும்பி நிக்கிறா. பிள்ளைக்குத்தான் அது ஒத்துவரேல்லை. இப்ப பாலில்லாமல் எலும்புக்குச் சத்துக் குடுக்கிற சாமானாய்க் கொஞ்சம் வேணும். அது எங்கடை சமையல்லை என்னென்ன இருக்கெண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

அக்கா டின்னை மேசையில் வைக்காமல் தன் பைக்குள் போட்டார். "குரக்கன்," என்றார். "எள்ளு. முள்ளோடை நெத்தலி. முருங்கையிலை வெள்ளிக்கிழமையிலை கடைக்கு வாறது." நான் சொல்ல நினைத்திருந்ததை எல்லாம் அவரே சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். தலையாட்டுவதும் எங்கள் தொழிலின் ஒரு பகுதி, அதை யாரும் பயிற்சியில் சொல்லித்தருவதில்லை.

அடுத்த நாளிலிருந்து ஹைமுக்குப் போகிற தமிழர் கைகளில் மோல்ட் டின் இல்லை. அக்கா உத்தரவு போட்டால் போட்டதுதான். வதனியும் மோல்ட்டை விட்டாள். குரக்கன் என்கிற கேழ்வரகு மா வந்தது, எள்ளுருண்டை வந்தது, கருவாடு வந்து தாழ்வாரம் முழுக்க மணத்து, ஹைம் பொறுப்பாளரிடமிருந்து ஒரு எச்சரிக்கையும் வந்தது. மாஜரினுக்குள்ளும் பால் ஒளிந்திருக்கும் என்பதால் அதையும் நிறுத்தி, நல்லெண்ணெயில் சமைக்கவும், பெட்டியில் வந்த பாணைச் சாப்பிடவும் சொன்னேன். பெட்டியில் வந்த பாலையும் சீஸையும் எதிர் அறையில் இருந்த பொஸ்னியக் குடும்பம் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு உருளைக்கிழங்கும் போஞ்சியும் கொடுத்தது. நான் போட்ட அன்ட்ராக் ஏதோ ஒரு அலுவலகத்தில் நித்திரை கொண்டிருக்க, ஒரு தாழ்வாரத்தைக் கடந்து இரண்டு பெண்கள் கைச்சாடையில் பேசி அந்தப் பிரச்சினையை முடித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வதனியின் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருந்தது. பிள்ளையின் மலத்தில் இன்னும் இரத்தம் இருந்தது. இவ்வளவு சீக்கிரம் மாறாது என்று எனக்குத் தெரியும். ஆனால் டொக்டரின் மேசையில் மாத்திரைப் பெட்டி தயாராக இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"முட்டைக்கு யார் அனுமதி தந்தது?"

"நான்தான். மீனுக்கும் கோதுமைக்கும்கூட நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மனிதர்கள் கண்ணாடியைக் கழற்றினால் அடுத்து வருவது நல்லதாக இராது. அதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். பால் இந்தச் சில நாட்களாகத்தான் உண்மையில் நின்றிருக்கிறது, ஆகவே அவருடைய ஊகம் இன்னும் சோதிக்கப்படவே இல்லை, சரியான ஊகத்தைச் சோதிக்காமல் கைவிடுவது நியாயமா என்று கேட்டேன். தன் ஊகம் சரி என்று சொன்னால் எந்த டொக்டரும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்பார். மாத்திரைப் பெட்டி இழுப்பறைக்குள் போனது. இரண்டு கிழமை தந்தார். உணவு ஆலோசகரின் பொறுப்பில் என்று கொட்டை எழுத்தில் நோயாளிக் கோவையில் எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டு கிழமைக்குள் இரத்தம் நின்றது. கன்னம் மெல்ல மெல்லத் தெளிந்தது. உடனே வெற்றிக்குச் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மருத்துவமனைக் கூட்டத்தில் டொக்டர், பல உணவுகளை ஒரே நேரத்தில் தவிர்ப்பதன் பயன் என்று அதைப் பற்றிப் பேசினார். கோயிலில் செல்வராணி அக்கா, தான் கத்தரிக்காயை நிறுத்தியதால்தான் பிள்ளை தேறியது என்றார். நான் இரண்டு இடத்திலும் இருந்தேன், இரண்டு இடத்திலும் கை தட்டினேன்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நானும் நினைத்தேன். அடுத்த தடவை வதனி வந்தபோது சட்டை மறுபடியும் தோளில் தொங்கியது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். முட்டையை விட்டுவிட்டாளாம். பிறகு மீனையும் விட்டுவிட்டாளாம். யாரும் சொல்லவில்லை, அவளாகவே விட்டிருக்கிறாள்.

"எது பிழைச்சது எண்டு எனக்குத் தெரியேல்லை அக்கா. டொக்டர் ஒண்டு சொல்லுறார், செல்வராணி அக்கா ஒண்டு சொல்லுறா, நீங்கள் ஒண்டு சொல்லுறியள். நல்லாய் வந்த பிள்ளை. நான் வாய்க்கு ருசியாய்த் திண்டு திரும்ப வந்திட்டால்? ஒவ்வொரு கவளத்துக்கும் பயமாயிருக்கு."

பிள்ளை தேறியது என்று நாங்கள் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருக்க, தாய் தட்டைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். இப்படியே போனால் பால் தானாகவே வற்றிவிடும், மாத்திரை தேவைப்படாது. அவளுக்கு ஆறுதல் சொல்லிப் பயனில்லை. உறுதியாகத் தெரிய வேண்டும். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

முதலில் டொக்டரிடம் போனேன். வதனி மீண்டும் பால் குடித்துப் பார்க்கட்டும், இரத்தம் திரும்பினால் குற்றவாளி பால் மட்டும்தான் என்று உறுதியாகும், அப்போது பால் தவிர்ந்த மற்றத் தடைகள் எல்லாவற்றையும் நீக்க வேண்டும், பாலூட்டலை நிறுத்தும் பேச்சையும் எடுக்கக் கூடாது, சம்மதமா என்று கேட்டேன். நிரூபணம் என்றால் அவருக்குப் பிடிக்கும். சம்மதித்தார். அவர் மனம் மாறுவதற்கு முன் அதையும் கோவையில் கொட்டை எழுத்தில் எழுத வைத்தேன்.

பிறகு ஹைமுக்குப் போய் வதனியிடம் சொன்னேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

"நீங்களோ அக்கா இதைச் சொல்லுறியள்?"

குகன் அவளைவிடப் பச்சையாகவே கேட்டான். "உங்களுக்கு என்ன விசரோ? நிண்ட ரத்தத்தைத் திரும்ப வரப்பண்ணச் சொல்லுறியள்."

அவன் கோபம் நியாயமானது. தொழிலில் எத்தனையோ தரம் வேண்டாம், தொடாதே, நிறுத்து என்று சொல்லியிருக்கிறேன், அவை ஒன்றும் என்னை உறுத்தியதில்லை. குடி என்று சொன்ன அன்றுதான் உறுத்தியது. பிள்ளைக்கு நோகும், ஓரிரு நாளில் மாறும், கெடுதல் நிலைக்காது, நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். "வேண்டாம் எண்டாலும் சரி," என்றேன். "அது உம்மடை முடிவு. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

முடிவு அவளுடையது என்று அந்த நாட்டில் அவளிடம் யாரும் அதற்கு முன் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவள் பிள்ளையைக் குகனிடம் கொடுத்தாள். எதிர் அறைக்குப் போய், தன் பெட்டியிலிருந்து கொடுத்த பாலில் ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். கிளாசில் ஊற்றி, ஒரே மூச்சில் குடித்தாள்.

உங்களை வீணாகக் காக்க வைக்க விருப்பமில்லை. டொக்டர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். வதனி தொடர்ந்து பால் கொடுத்தாள், அந்தப் பிள்ளை தானாகவே மடியை விட்டு இறங்கி ஓடும் வரைக்கும் கொடுத்தாள். எதை முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று கேட்டாய் அல்லவா, பிள்ளை? ஒன்றை நிறுத்து, ஒன்றை மட்டும் நிறுத்து. அதை நிறுத்துவதற்கு முன் அந்தப் பெண் அன்று சாப்பிட்டாளா என்று கேள், சாப்பிடவில்லை என்றால் முதலில் அதைப் பார். பிறகு, திரும்பக் கொடுத்துப் பார்க்கத் துணிவு இல்லாவிட்டால் நிறுத்தவே சொல்லாதே.

பால் குடித்ததற்கு இரண்டு நாளின் பின் ஹைம் தாழ்வாரத்துத் தொலைபேசியிலிருந்து வதனி எனக்கு எடுத்தாள்.

"திரும்ப வந்திட்டுது அக்கா. அதே ரத்தம். கன்னமும் சிவக்குது."

நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன். "பயப்படாதையும். ரெண்டு மூண்டு நாளிலை நிண்டிடும்."

"நான் பயப்பிடேல்லை," என்றாள் வதனி. "பால்தான் எண்டு இப்ப தெரியும்தானே. அப்ப மிச்சமெல்லாம் நான் சாப்பிடலாம்."

வார்த்தைகள் தெளிவாக வரவில்லை. வாய் நிறைய எதையோ வைத்து மென்றுகொண்டுதான் அவள் பேசினாள். என்ன சாப்பிடுகிறாய் என்று நான் கேட்கவில்லை.